ஹெபடைடிஸும் நைட்ரிக் ஆக்சைடும்: அளப்பதில் நேரும் தவறுகள்

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி, சி (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) நோயாளியின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்), உடல் செல்கள் உண்டாக்கும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடை யாரும் நேரடியாக அளப்பதில்லை. ரத்தத்தில் அது நொடிகூடத் தங்காது. ஹீமோகுளோபினைச் சந்தித்ததும் நைட்ரேட்டாகிவிடும். கிரீஸ் சோதனை (நிறமாற்றத்தால் அளக்கும் முறை) தருவது நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அதைக் ‘கல்லீரலின் நைட்ரிக் ஆக்சைடு’ என்று எழுதுவதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய்.

முந்தின இரவு சாப்பிட்ட கீரையும் பீட்ரூட்டும் அந்தக் கூட்டுத்தொகையில் இருக்கும். சீரத்தில் நைட்ரேட் பாதியாகக் குறையவே 5 முதல் 8 மணி நேரமாகும் என்பதால், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தால் மட்டும் போதாது. ஒரு முழு நாளாவது இவற்றையும் பதப்படுத்திய இறைச்சியையும் நிறுத்தச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் நைட்ரேட் தேங்கும். முற்றிய சிரோசிஸில் (கல்லீரல் தழும்பேறிய நிலை) இது அடிக்கடி நேர்வது. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைச் சேர்த்துப் பார்க்காத ஒப்பீடு வீண்.

ஆய்வகத்தில் பிசகு அதிகம். கிரீஸ் கரைசல் நைட்ரைட்டோடுதான் நிறம் தரும். சீரத்தில் இருப்பதோ பெரும்பாலும் நைட்ரேட். வனேடியம் குளோரைடாலோ நைட்ரேட் ரிடக்டேஸாலோ முதலில் அதை நைட்ரைட்டாக ஒடுக்க வேண்டும். என்சைம் வழியில் மிஞ்சும் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் நிறத்தைக் குறைக்கும்; லாக்டேட் டிஹைட்ரஜனேஸும் பைருவேட்டும் சேர்த்து அதை அகற்றுங்கள். நைட்ரைட், நைட்ரேட் இரண்டுக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த கரைசல்) ஓட்டுங்கள். 50 மைக்ரோமோலார் நைட்ரேட் அதே அளவு நைட்ரைட்டைவிடக் குறைந்த நிறம் காட்டினால் ஒடுக்கம் முழுமையாகவில்லை.

புரதம் அமிலத்தில் திரிந்து கலங்கும். புரதத்தைத் தடுத்து நிறுத்தும் 10 கிலோடால்டன் வடிகட்டி உதவும். ஆனால் வடிகட்டியிலேயே நைட்ரேட் ஒட்டியிருப்பதுண்டு, முதலில் தூய நீரில் அலசுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் சேர்த்த குழாய் வேண்டாம், வீழ்படிவு வரும். ரத்தச் சிவப்பணு சிதைந்த மாதிரியைத் தள்ளிவிடுங்கள்: கிரீஸ் நிறத்தை அளக்கும் 540 நானோமீட்டரில் ஹீமோகுளோபினும் ஒளியை உறிஞ்சும். மஞ்சள்காமாலைச் சீரத்துக்கு, நிறம் தரும் நாஃப்தைல் சேர்மம் சேர்க்காத பிளாங்க் (ஒப்பீட்டு மாதிரி) ஒன்று வைத்து அதன் அளவைக் கழியுங்கள்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், எண் பாதிக் கதையைத்தான் சொல்லும். வைரஸ் தாக்கிய கல்லீரலில் ஐநாஸ் என்சைம் (நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் நாஸ் குடும்பத்தின் அழற்சி வகை) தூண்டப்பட்டு நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டுகிறது; அது சூப்பராக்சைடு என்ற வினைமிகு ஆக்சிஜன் வடிவத்தோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட்டாகி டிஎன்ஏவைச் சிதைக்கலாம். சிரோசிஸில் கல்லீரல் ரத்த நுண்குழாய்களில் ஈநாஸ் (ரத்தக்குழாய்ச் சுவரின் நாஸ் வகை) செயல்பாடு குறைகிறது; குடல் ரத்தக்குழாய்களிலோ நைட்ரிக் ஆக்சைடு மிகுகிறது. போர்ட்டல் அழுத்தம் (குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் சிரையின் அழுத்தம்) ஏற இரண்டுமே காரணம். சீரம் எண்ணால் இவற்றைப் பிரித்துக்காட்ட முடியாது. பயாப்சித் திசுவில் ஐநாஸ், நைட்ரோடைரோசின் (பெராக்சிநைட்ரைட் புரதத்தில் விடும் தடயம்) சாயமேற்றிப் பார்க்க வேண்டும்.

எண் கூடியிருக்கிறதென்று எல்லா நாஸ் என்சைமையும் தடுக்க நினைப்பதும் ஆபத்து. செப்டிக் ஷாக்கில் (கடும் தொற்றால் ரத்த அழுத்தம் சரியும் நிலை) அப்படிப்பட்ட மருந்தொன்றைச் சோதித்தபோது இறப்பு கூடியது. 2004இல் முடிவுகள் வெளியாயின. நைட்ரிக் ஆக்சைடின் மூலப்பொருளான ஆர்ஜினின் பொடி வாங்கிச் சாப்பிடுவது எதிர்த்திசைத் தவறு. அது ஹெபடைடிஸ் பி மருந்தான டெனோஃபோவிருக்கோ, சி மருந்தான சோஃபோஸ்புவிருக்கோ மாற்றாகாது.