பர்லெஸ்க் கற்கத் தொடங்குவோர்க்கு: முதல் உருப்படியை அமைக்கும் முறை

பர்லெஸ்க் என்றதும் ஆடை களைவதே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. மேடையில் நிற்பவரோ, பெரும்பாலான நேரம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருக்கிறார். பகடி, அலங்காரம், நடனம், அவையோடு ஆடும் கண்ணாமூச்சி ஆகிய யாவும் அந்தத் தாமதத்துக்குள்தான் நிகழ்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாடகங்களையும் ஓபராக்களையும் கேலிசெய்யும் மேடை வடிவமாக இருந்த இந்தக் கலை, 1868-இல் ஆங்கில நடிகை லிடியா தாம்சனின் குழு நியூயார்க்கில் ஆடியபோது அமெரிக்காவில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆடை களையும் ஆட்டம் இருபதாம் நூற்றாண்டில்தான் அதன் மையத்துக்கு வந்தது. 1937-இல் நியூயார்க் நகர நிர்வாகம் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமம் மறுத்தது. 1990-களில் ஒரு புதிய தலைமுறை இதை மீட்டெடுத்தது. ஆகவே இந்தக் கலையில் கேலிதான் மூத்தது. முதல் உருப்படியை அமைப்பவரும் அதே வரிசையில் யோசித்தால் வேலை எளிதாகும்.

பதினெட்டு வயது நிரம்பிய எவரும், எந்தப் பாலினத்தவரும், எந்த உடல்வாகு உடையவரும் இதைக் கற்கலாம். முன்பே நடனம் பயின்றிருக்க வேண்டும் என்பதில்லை.

1. பார்த்துப் பழகுங்கள்

நேரடி நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பாருங்கள். இயலாதபோது காணொளிகள் உதவும். ஆடை கீழே விழும் கணத்தைவிட அதற்கு முந்தைய சில நொடிகளைக் கவனியுங்கள்: ஆட்டக்காரர் எங்கே பார்க்கிறார், எப்போது நிற்கிறார், அவை எந்த இடத்தில் ஆரவாரம் செய்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறருடைய உருப்படியைப் பிரதி எடுப்பது இந்த வட்டாரத்தில் மன்னிக்கப்படாத குற்றம் என்பதையும், அனுமதியின்றிப் படம் பிடிப்பது அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பதையும் இப்போதே மனத்தில் இருத்துங்கள்.

2. பாத்திரத்தையும் காரணத்தையும் முடிவுசெய்யுங்கள்

நீங்கள் யாராக மேடை ஏறுகிறீர்கள், அந்த ஆள் ஏன் ஆடையைக் களைய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வாக்கியத்தில் விடை சொல்ல முடிந்தால் உருப்படியின் பாதி வேலை முடிந்துவிட்டது. எடுத்துக்காட்டாக, தேனீ வளர்ப்பவர் ஒருவர் பாதுகாப்பு உடையோடு வருகிறார். ஒரு தேனீ உடைக்குள் புகுந்துவிடுகிறது. இனி வலைத்தொப்பி, கையுறை, அங்கி என ஒவ்வொன்றையும் கழற்றக் காரணம் தானாகவே அமைந்துவிடும். கடைசியில் உள்ளே மஞ்சளும் கறுப்பும் பட்டையிட்ட கோர்செட் (இடையை இறுக்கும் கச்சு) தெரியும்போது, தேடப்பட்ட தேனீ அவரேதான் என்று அவை அறிந்து சிரிக்கிறது. அழகு மட்டுமே உள்ள உருப்படிகளும் உண்டு. எனினும், முதல்முறை ஏறுபவரின் பதற்றத்தை ஒரு நல்ல நகைச்சுவை தாங்கிக்கொள்வதுபோல் அழகு தாங்கிக்கொள்வதில்லை என்பது என் கருத்து.

வேறொரு சமூகத்தின் சமயச் சின்னங்களையோ மரபு உடைகளையோ வேடமாக்குவதைத் தவிருங்கள்.

3. பாடலைத் தேர்ந்து அளவிடுங்கள்

மூன்று முதல் நான்கு நிமிடங்கள் போதும். ஐந்தைத் தாண்டும் உருப்படியைத் தொய்வின்றிக் கொண்டுசெல்லப் பழகிய கைகள் வேண்டும். எட்டு எட்டு எண்ணிக்கைகளாகப் பாடலைப் பிரித்து, தாளம் நிற்கும் இடங்களையும் உச்சங்களையும் காகிதத்தில் குறியுங்கள். ஒவ்வோர் ஆடையும் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை இந்தக் காகிதமே தீர்மானிக்கும். மூன்று அல்லது நான்கு ஆடைகளுக்கு மேல் முதல் உருப்படியில் வேண்டாம்.

4. உடையைக் கழற்றுவதற்காகவே தையுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், செலவாகவும் வேண்டும். கடையில் வாங்கிய உடை அணிவதற்காகத் தைக்கப்பட்டது. மேடை உடை ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். சிறு பொத்தான்களை நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில் பெரிய கொக்கிகளையோ பிரஸ் பட்டன்களையோ வையுங்கள். வெல்க்ரோ எளிதுதான், ஆனால், அதன் சத்தம் மென்மையான இசையைக் கிழிக்கும், வலைத்துணியில் அது ஒட்டிக்கொள்ளவும் செய்யும். முன்பக்கக் கொக்கிகள் உள்ள கோர்செட்டை மேடையில் திறக்கப்போகிறீர்கள் என்றால், பின்புற நாடாவை மிக இறுக்கமாகக் கட்டாதீர்கள். இறுகிய கோர்செட்டின் கொக்கிகள் எளிதில் விடுபடா.

கழற்றும் வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் அணியும் வரிசை கிடைக்கும். தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது காலுறையில்தான்: காலணியைக் கழற்றாமல் நீள் காலுறையை உருவ முடியாது, வார் வைத்த காலணியைக் கழற்றுவதற்குள் பாடலில் பாதி போய்விடும். எளிதாக உதறக்கூடிய காலணியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் காலுறையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

மார்புக் காம்புகளை மறைக்கும் பேஸ்டீஸை இருபுறமும் ஒட்டும் விக் டேப்பால் பொருத்துவார்கள். புதிய டேப்பையோ பசையையோ முந்தைய நாளே முன்கையில் ஒட்டிப் பார்த்து, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று சோதியுங்கள். நிகழ்ச்சி நாளில் எண்ணெய், லோஷன் எதுவும் பூசாதீர்கள், பூசினால் ஒட்டாது. மேடையில் எவ்வளவு உடலைக் காட்டலாம் என்பது இடத்துக்கு இடம் சட்டத்தால் மாறுபடும் என்பதால் அமைப்பாளரிடம் முன்னதாகவே கேளுங்கள். எவ்வளவு காட்ட விரும்புகிறீர்கள் என்பதோ முழுக்க உங்கள் முடிவு.

5. ஒரு கையுறையிலிருந்து தொடங்குங்கள்

முழங்கைக்கு மேல் ஏறும் சாட்டின் கையுறை ஒன்றை அணிந்து கண்ணாடி முன் நில்லுங்கள். முதலில் கையுறையைப் பாருங்கள். பிறகு அவையைப் பாருங்கள். அதன் பிறகே தொடுங்கள். ஒவ்வொரு விரல்நுனியையும் தாளத்துக்கு ஒன்றாகச் சற்றே இழுத்துத் தளர்த்துங்கள். மேல்விளிம்பை மணிக்கட்டுவரை மெதுவாகச் சுருட்டி இறக்கி, அங்கே நிறுத்தி, அவை பொறுமை இழக்கும்வரை காத்திருங்கள். இறுதியில் நடுவிரல் நுனியைப் பிடித்து ஒரே வீச்சில் உருவுங்கள். பல்லால் கடித்து இழுப்பது கவர்ச்சியான உத்திதான், உதட்டுச்சாயம் துணியில் படியும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். இந்த ஒரு கையுறைக்கு ஒரு நிமிடம் பிடிக்குமாறு செய்யக் கற்றுவிட்டால், எஞ்சிய ஆடைகளுக்கும் இதே இலக்கணம்தான்.

கழற்றியதை எங்கே போடுவது என்பதும் ஆட்டத்தின் பகுதியே. சாட்டின் துணியின் மேல் உயர்ந்த குதிகால் வழுக்கும். எனவே நடக்கும் பாதைக்கு வெளியே எறியுங்கள்.

நடை, நிலை, இடுப்பை வெட்டும் பம்ப், தோளைக் குலுக்கும் ஷிம்மி ஆகியவை முதல் உருப்படிக்குப் போதுமானவை. பேஸ்டீஸில் தொங்கும் குஞ்சத்தைச் சுழற்றுவதையும், 1933-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் நடனக்காரர் சாலி ராண்ட் புகழ்பெறச் செய்த விசிறி நடனத்தையும் பின்னர் தனியாகக் கற்கலாம்.

6. முழு உடையோடு ஒத்திகை பாருங்கள்

காலணி, விக், நகை உட்பட எல்லாவற்றையும் அணிந்து, காணொளி எடுத்துப் பாருங்கள். வியர்வையில் துணி ஒட்டும், கொக்கி மாட்டிக்கொள்ளும். இவற்றை ஒத்திகையிலேயே சந்திப்பது நல்லது. மேடையில் கொக்கி திறக்க மறுத்தால் முகத்தைச் சுளிக்காமல், அந்தப் பிடிவாதத்தை அவையிடமே முறையிடுங்கள். தேனீ வளர்ப்பவருக்கு அதுவும் ஒரு நகைச்சுவைதான்.

7. பெயரும் முதல் மேடையும்

மேடைப்பெயரை முடிவுசெய்யும் முன், அது ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பெயருக்குத் தனி மின்னஞ்சலும் தனிச் சமூக ஊடகக் கணக்கும் தொடங்கி, சொந்தப் பெயரிலிருந்து விலக்கி வையுங்கள். இணையத்தில் ஏறிய படத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

புதியவர்களுக்கான மேடைகளும் மாணவர் அரங்கேற்றங்களும் தொடங்க ஏற்ற இடங்கள். அதற்கும் முன்பாக, உருப்படிகளுக்கு இடையே ஆடைகளைப் பொறுக்கும் ஸ்டேஜ் கிட்டன் வேலையைக் கேட்டுப் பெற முடிந்தால், திரைக்குப் பின்னால் நடப்பவை அனைத்தையும் கற்கலாம். பாடல் கோப்பில் உங்கள் மேடைப்பெயரை எழுதி, ஒளி எப்போது ஏற வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்ற குறிப்போடு முன்கூட்டியே அனுப்புங்கள். கிளிட்டர் எனும் மினுமினுப்புத் தூளுக்குத் தடை உண்டா என்று கேளுங்கள்; அடுத்து வருபவர் வெறுங்காலோடு ஆடலாம். ஊதியம் எவ்வளவு என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே பேசிவிடுங்கள்.

கைப்பையில் ஊசி நூல், சேஃப்டி பின், கூடுதல் டேப், மேலங்கி ஆகியவற்றை வைத்திருங்கள். ஆட்டம் முடிந்ததும் மேலங்கியை அணிந்துகொண்டு, கழற்றிய ஆடைகளை எண்ணிச் சரிபாருங்கள். பேஸ்டீஸை ஒரே இழுப்பில் பிய்க்காமல், டேப்பின் ஓரத்தில் எண்ணெய் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு உரித்தெடுங்கள்.