ஒரு விளம்பரத்தைப் பாலினக் கண்ணோட்டத்தில் படிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பாலின ஆய்வுப் புத்தகங்களைப் படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். மூடிவைத்துவிட்டு ஒரு விளம்பரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "பெண்களைத் தவறாகச் சித்திரிக்கிறார்கள்" என்ற வரிக்கு மேல் பேனா நகராது. அந்த ஒரு வரியை ஒரு பக்கமாக வளர்ப்பதற்கு நான் பின்பற்றும் வழி இது. பால் (உடல் சார்ந்தது) வேறு, பாலினம் (ஆண் இப்படி, பெண் இப்படி என்று சமூகம் கற்பிப்பது) வேறு என்பது தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அதனால் நேராக வேலைக்குப் போய்விடலாம்.

படி 1: சின்னதாக ஒன்றை எடுங்கள்

முப்பது வினாடி விளம்பரம், ஒரு பாடல் காட்சி, ஒரு ட்ரெய்லர், வீடியோ கேமில் பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரை, இவற்றில் ஏதாவது ஒன்று போதும். முழுப் படம் வேண்டாம். பத்து சீசன் ஓடிய தொடர் வேண்டவே வேண்டாம். பிடிக்காத ஒன்றையும் எடுக்காதீர்கள். அங்கே தீர்ப்பு முன்கூட்டியே தயாராக இருக்கும், கண் அதற்குச் சாட்சி தேடிக்கொண்டு போகும். நீங்கள் ரசித்து, திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்றுதான் நல்ல பயிற்சி.

கருவி என்று பெரிதாக எதுவும் தேவையில்லை. கோப்பு கையில் இருந்தால் விஎல்சி பிளேயர். அதில் ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யூடியூபில் என்றால் வீடியோவை நிறுத்திவிட்டுக் காற்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளைத் தட்டுங்கள், முன்னும் பின்னும் போகலாம். குறிப்பெடுக்கப் பலரும் விதவிதமான செயலிகளைப் பரிந்துரைப்பார்கள். என்னைக் கேட்டால் கோடு போட்ட நோட்டும் பென்சிலும்தான். செயலியில் எழுதினால் கை வேகமாக ஓடுகிறது, கண் அந்த வேகத்துக்குப் பார்ப்பதில்லை.

படி 2: இருப்பதை மட்டும் எழுதுங்கள்

என்னை நெடுநாள் இழுத்தடித்த படி இது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு ஆறு பத்திகள் பிரியுங்கள்: வினாடி, ஃபிரேமில் யார், கைகள் என்ன செய்கின்றன, கண்கள் எங்கே பார்க்கின்றன, யார் பேசுகிறார், கேமரா எங்கே இருக்கிறது. ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு வரி. நல்லது, கெட்டது, முற்போக்கு, பிற்போக்கு என்ற எந்தச் சொல்லும் இந்தப் பக்கத்தில் வரக்கூடாது. "அவளை அடக்கமானவளாகக் காட்டுகிறார்கள்" என்பது தீர்ப்பு. "அவள் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்கள் தரையில், அவன் நிற்கிறான், அவள் உட்கார்ந்திருக்கிறாள்" என்பது விவரம். அடக்கம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது வாக்கியத்தில்தான் தெரிகிறது.

ஒரு உண்மையான உதாரணம். 2019 ஜூனில் பிரிட்டனில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது: தீங்கு விளைவிக்கக்கூடிய பாலின வார்ப்புகளை (ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற அச்சுகளை) விளம்பரங்களில் பயன்படுத்தக்கூடாது. அதன்படி முதன்முதலில் தடை செய்யப்பட்ட இரண்டு விளம்பரங்களில் ஒன்று ஃபோக்ஸ்வாகனின் மின்சாரக் கார் விளம்பரம். அதில் வருபவை இவை. ஒரு கூடாரத்துக்குள் ஒரு பெண் தூங்குகிறாள், ஒரு ஆண் விளக்கை அணைத்துக் கூடாரத்தை மூடுகிறான். கேமரா விலகினால் கூடாரம் செங்குத்தான மலைப்பாறையில் தொங்குகிறது. அடுத்து விண்கலத்தில் மிதக்கும் இரண்டு ஆண் விண்வெளி வீரர்கள். அடுத்து செயற்கைக் காலுடன் நீளம் தாண்டும் ஒரு ஆண் தடகள வீரர். கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண், பக்கத்தில் குழந்தையின் தள்ளுவண்டி.

யாரும் யாரையும் திட்டவில்லை, அரைகுறை ஆடை இல்லை, மோசமான வசனம் இல்லை. ஒரு தடவை பார்த்தால் அழகான விளம்பரம். ஆனால் "கைகள் என்ன செய்கின்றன" என்ற பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். முதல் காட்சியிலும் வேலை ஆணின் கையில்தான், மலையேறியிருக்கும் அந்தப் பெண் தூக்கத்தில். விண்வெளியும் விளையாட்டும் ஆண்களுக்கு, பெஞ்சும் தள்ளுவண்டியும் பெண்ணுக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் காட்சியிலும் பிசகில்லை. வரிசையில் வைக்கும்போதுதான் விஷயம் பேசுகிறது. நிறுவனம் தன் தரப்பில், மாற்றத்துக்கு ஏற்பப் பழகிக்கொள்வதுதான் விளம்பரத்தின் கரு என்றது. அந்த வாதத்தையும் உங்கள் பக்கத்தில் எழுதிவையுங்கள், படி 6இல் வேண்டும்.

படி 3: ஒரே ஒரு கருத்தைக் கொண்டுவாருங்கள்

இப்போதுதான் கோட்பாடு. அதுவும் ஒன்றே ஒன்று. கீழே வரும் பட்லரும் மல்வியும் கானலும் ஒரே பாராவில் வந்தால் படிப்பவருக்குப் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும். உங்கள் நோட்டில் எந்தப் பத்தி அதிகம் நிரம்பியிருக்கிறதோ அதுவே எந்தக் கருத்து என்று சொல்லிவிடும்.

கேமரா பத்தி நிரம்பியிருந்தால் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி. 1975இல் வந்த கட்டுரையில் அவர் ஹாலிவுட் படங்களை வைத்து ஆண் பார்வை பற்றிச் சொன்னார். கேமராவின் பார்வை, கதாபாத்திரத்தின் பார்வை, பார்வையாளரின் பார்வை என்று மூன்றைப் பிரித்து, மூன்றும் எப்படி ஒன்றாகக் கோக்கப்படுகின்றன என்று காட்டினார். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பெண்ணின் உடல் துண்டு துண்டாக (கால், இடுப்பு, உதடு) வருகிற ஷாட்டுக்கு முந்தைய ஷாட்டில் யார் முகம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு ஆண் பார்த்துக்கொண்டிருந்தால், நீங்கள் ஆணோ பெண்ணோ, அடுத்த சில வினாடிகளுக்கு அவன் இடத்தில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறீர்கள். முந்தைய ஷாட்டில் யாருமே இல்லை என்றால் இன்னும் சுவாரசியம்: கதைக்குள் பார்க்க ஆளில்லாதபோதும் கேமரா அப்படித்தான் பார்க்கிறது.

கைகளும் நிற்கும் விதமும் என்றால் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். 1979இல் புத்தகமாக வந்த அவருடைய விளம்பர ஆய்வு பெரும்பாலும் புகைப்படங்களால் ஆனது. விளம்பரங்களில் பெண்ணின் விரல்கள் பொருளைப் பிடிப்பதில்லை, வருடுகின்றன. ஆண் சொல்லிக்கொடுக்கிறான், பெண் கேட்கிறாள். பெண்ணின் கவனம் ஃபிரேமை விட்டு எங்கோ மிதக்கிறது. இவற்றைத்தான் அவர் வகை பிரித்தார். தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இவரைத்தான். கண்ணுக்குத் தெரிவதை வைத்தே பேசுகிறார், சொற்குவியல் குறைவு.

தத்துவவாதி ஜூடித் பட்லரைப் (1990) பலரும் முதலில் தொடுவார்கள், அவசரமாகத் தவறாகவும் பயன்படுத்துவார்கள். பாலினம் நிகழ்த்தப்படுவது என்றால் காலையில் எழுந்து எதை அணியலாம் என்று தேர்ந்தெடுப்பது போன்ற நடிப்பு அல்ல. திரும்பத் திரும்பச் செய்வதால் இயல்பு என்று தோன்ற ஆரம்பிப்பது. ஆண்களுக்கான ஷேவிங் பொருள் கறுப்பிலும் சாம்பலிலும், பெண்களுக்கானது இளஞ்சிவப்பில். ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு பட்லரைப் பேச முடியாது. அதே வண்ணப் பிரிவினை பொம்மையில், சைக்கிளில், குழந்தைச் சட்டையில் மறுபடி மறுபடி வருவதைக் காட்டினால்தான் அவர் சொன்னது பிடிபடும். ஆக, மீள்நிகழ்வு இருந்தால் மட்டும் பட்லர்.

புன்னகையும் பணிவும் பொருளோடு சேர்த்து விற்கப்படுகிறது என்றால் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட், 1983. விமானப் பணிப்பெண்களை வைத்து உணர்ச்சி உழைப்பு (வேலைக்காக உணர்ச்சியை அடக்கியும் வரவழைத்தும் காட்டுவது) என்பதை விளக்கியவர். கைப்பேசியில் பேசும் குரல் உதவியாளர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட ஒரு அறிக்கையின் தலைப்பே, வசைபாடியவருக்கு ஆப்பிளின் குரல் உதவியாளரான 'சிரி' முன்பு சொல்லிவந்த பதில்தான்: முடிந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்கிற மாதிரி ஒரு பதில். திட்டினாலும் கோபப்படாத பெண் குரல்.

ஆண்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் சமூகவியலாளர் ரேவின் கானல். ஆண்மை ஒன்றல்ல, ஆண்களுக்குள்ளேயே மேல்கீழ் உண்டு என்பது அவர் வாதம். நாயகனை விட்டுவிடுங்கள், அவன் நண்பனைப் பாருங்கள். பயப்படுகிறவன், அழுகிறவன், நளினமாக நடக்கிறவன் ஏன் எப்போதும் சிரிப்புக்கு ஆளாகிறான்? அந்தச் சிரிப்பில்தான் நாயகனின் ஆண்மை உயர்கிறது. பிரிட்டனில் அப்போது தடையான இன்னொரு விளம்பரமும் ஆண்களைப் பற்றியதுதான்: சாப்பாட்டில் கவனம் போய், கைக்குழந்தைகளை கன்வேயர் பெல்ட்டில் விட்டுவிடும் அப்பாக்கள். பாலின வார்ப்பு என்றாலே பெண்கள் பிரச்சினை என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

படி 4: எண்ணலாம், ஆனால் மார்க் போடாதீர்கள்

பெக்டெல் சோதனையை எல்லோருக்கும் தெரியும். இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், பேச்சு ஒரு ஆணைப் பற்றி இருக்கக்கூடாது. 1985இல் அலிசன் பெக்டெல் ஒரு படக்கதையில் வைத்த பகடி இது. யோசனை தன் தோழி லிஸ் வாலஸ் சொன்னது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். இதை ஒரு படத்துக்குச் சான்றிதழ் கொடுக்கப் பயன்படுத்தினால் அபத்தமாகிவிடும். 2013இல் வந்த 'கிராவிட்டி'யில் பெரும்பகுதி நேரம் திரையில் இருப்பது ஒரே ஒரு பெண்தான், ஆனால் படம் தேறாது. பேச இன்னொரு பெண்ணே இல்லையே! நூறு படங்களை வரிசையாக வைத்து இத்தனை தேறவில்லை என்று பார்க்கும்போதுதான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

வசனத்தை எண்ண நினைப்பவர்கள் சப்டைட்டில் கோப்பைத் திறப்பார்கள். எஸ்ஆர்டி கோப்பில் வரிசை எண், நேரம், வசனம் மூன்றும் இருக்கும். யார் பேசினார் என்பது பெரும்பாலும் இருக்காது. ஆகவே படத்தை ஓடவிட்டு ஒவ்வொரு வரிக்கும் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். ஆட்களை எண்ணக் குறுக்குவழி கேட்டவர்களுக்குக் கீழே பதில் இருக்கிறது.

படி 5: மாற்றிப் போட்டுப் பாருங்கள்

ஆண் இருக்கும் இடத்தில் பெண்ணை, பெண் இருக்கும் இடத்தில் ஆணை வைத்துக் கற்பனை செய்யுங்கள். சிரிப்பு வருகிறதா? எந்த இடத்தில் வருகிறது? அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மாற்றிப் போட்டால் சமமாகிவிடும் என்று மட்டும் வாதிடாதீர்கள், விளம்பரப் பெண்ணைப் போல ஒயிலாகச் சாய்ந்து நிற்கும் ஆண் கேலிப்படமாகத்தான் தெரிவான். இரண்டு பக்கமும் ஒரே எடை இல்லை என்பதை இந்தச் சோதனை காட்டும், ஏன் என்பதைச் சொல்லாது.

படி 6: யார் ஃபிரேமில் இல்லை? யார் வேறு மாதிரி பார்ப்பார்கள்?

தன் சொந்தக் காலில் நிற்கும் மேலாளர் ஒருத்தி நாயகி. அருமை. அவள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு வசனமில்லாமல் போகிற வேலைக்காரப் பெண்ணை நோட்டில் எழுதினீர்களா? பெண் என்ற ஒரே கோட்டில் இருவரையும் நிறுத்தினால் ஒருத்தி காணாமல் போவாள். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வழக்கு இதற்குச் சரியான சாவி. ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு அது. நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருந்தது, ஆனால் வெள்ளையினப் பெண்களை. கறுப்பினத்தவரும் இருந்தார்கள், ஆனால் ஆண்கள். பாலினம், இனம் இரண்டையும் சேர்த்து ஒரு பாகுபாடாகப் பார்க்க 1976இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நடுவில் இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

அடுத்து பார்வையாளர். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் சொன்னபடி ஒரே படைப்பை அது விரும்பியபடியே ஏற்கலாம், பேரம் பேசி (சிலதை ஏற்று, சிலதை மாற்றிக்கொண்டு) ஏற்கலாம், எதிர்த்தும் படிக்கலாம். கார் நிறுவனத்தின் வாதம் இங்கேதான் பயன்படும். அந்தப் பெஞ்சில் இருந்த பெண்ணைப் பார்த்து, தாயாவதும் விண்வெளிக்குப் போவதைப் போலப் பெரிய மாற்றம்தான் என்று மனம் நெகிழ்ந்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களை ஏமாந்தவர்கள் என்று எழுதாதீர்கள். உங்கள் வாசிப்பால் விளக்க முடியாதது எது என்று ஒரு வரி எழுதுங்கள். என்னைப் பொறுத்தவரை கட்டுரையில் மிக நல்ல வரி பெரும்பாலும் அதுதான்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"இயக்குநர் அப்படி நினைத்து எடுக்கவில்லையே?" அடிக்கடி வரும் கேள்வி. நினைத்தாரா என்பதை நிரூபிக்க உங்களால் முடியாது, தேவையும் இல்லை. கேமரா இடுப்பளவு உயரத்தில் இருந்தது என்பது நோட்டில் இருக்கிறது. அதிலிருந்து பேசுங்கள்.

"ஃபிரேமில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று மென்பொருளே எண்ணித் தராதா?" தரும். நான் பயன்படுத்துவதில்லை. 2018இல் ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தை வைத்துப் பாலினம் சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. படி 6இல் தேடச் சொன்ன அதே ஆட்களைத்தான் கருவி கோட்டைவிடுகிறது. போதாக்குறைக்கு, முகத்தைப் பார்த்து இரண்டில் ஒன்று என்று முடிவுகட்டுவதே நாம் கேள்வி கேட்க வந்த பழக்கம். திருநர்கள் அந்த எண்ணிக்கையில் எங்கே வருவார்கள்?

"படி 2க்கு மாதிரி ஏதாவது உண்டா?" உண்டு. பிரிட்டன் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பின் தீர்ப்புகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் பத்தியில் விளம்பரத்தில் என்ன இருக்கிறது என்ற விவரம், அப்புறம் புகார், நிறுவனத்தின் பதில், கடைசியில்தான் முடிவு. முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு மீதியை மறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முடிவை எழுதியபின் திறந்து ஒப்பிடுங்கள். புகார் தள்ளுபடியான விளம்பரங்களில் இதைச் செய்தால் பயிற்சி இன்னும் கடினமாக இருக்கும்.