பனிமலை நடைக்கான பூட்ஸைத் தேர்வு செய்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

குளிர்கால மலைநடைக்கு முதன்முறையாகத் தயாராகும் பலரும் கடைக்குள் நுழைந்தவுடன் கேட்பது, "இருப்பதிலேயே கதகதப்பான பூட்ஸ் எது?" என்பதைத்தான். கேள்வியில் தவறில்லை, அதை முதலில் கேட்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பூட்ஸ் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இரத்தம் பாதத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வெப்பத்தை வெளியேறவிடாமல் காப்பது மட்டுமே அதன் வேலை. எனவே, இரத்த ஓட்டத்தை நெரிக்கும் அளவுக்கு இறுக்கமான பூட்ஸை அணிந்தவருடைய விரல்கள், அதனுள் எவ்வளவு தடித்த காப்பு அடுக்கு இருந்தாலும், விறைத்துத்தான் போகும். பின்வரும் படிகளை இதே வரிசையில் கடைப்பிடித்தால், கதகதப்பு பற்றிய கேள்வி அதற்குரிய இடத்தில் தானாகவே வந்து சேரும்.

படி 1: போகும் இடத்தின் விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

நான்கு விவரங்கள் தேவை: ஏறப்போகும் அதிகபட்ச உயரம், அங்கே எதிர்பார்க்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, காலடியில் இருக்கப்போவது மென்பனியா, இறுகிய பனியா, பனிக்கட்டியா என்பது, இரவுகளைக் கூடாரத்தில் கழிக்க வேண்டுமா என்பது. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. அடிவாரத்தில் 5 டிகிரி இருக்கும் நாளில், அங்கிருந்து 3,000 மீட்டர் மேலே மைனஸ் 14 டிகிரிக்கும் கீழே போய்விடும். காற்றும், விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டிய கட்டாயமும் இந்தக் கணக்கில் சேராதவை. நான்காவது விவரத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எந்த வகை பூட்ஸ் என்ற முடிவையே மாற்றக்கூடியது அதுதான்.

படி 2: சோலின் விறைப்பைத் தீர்மானியுங்கள்

சாதாரண மலைநடைக் காலணிக்கும் பனிமலை பூட்ஸுக்கும் உள்ள முதல் வேறுபாடு கதகதப்பு அன்று, விறைப்பு. இறுகிய பனிச்சரிவில் ஏறுபவர், பூட்ஸின் நுனியால் உதைத்துக் காலூன்றப் பள்ளம் உண்டாக்குகிறார். குறுக்காக நடக்கும்போது சோலின் பக்கவிளிம்பைப் பனியில் பதித்து நிற்கிறார். சோல் வளைந்துகொடுத்தால் இரண்டுமே கைகூடாது. ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசையே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கும். இந்த விறைப்பைத் தருவது சோலுக்குள் பதிக்கப்பட்டிருக்கும் நைலான், எஃகு அல்லது கார்பன் இழைத் தகடு.

விறைப்பை வைத்து பூட்ஸ்களை நான்காகப் பிரிக்கும் தரவரிசை ஒன்று பரவலாகப் புழக்கத்தில் உள்ளது. பி0 என்பது எளிதில் வளையும் நடைக் காலணி. கிராம்பான் (பனியில் பிடிப்புக்காக பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முனைச் சட்டம்) மாட்டுவதற்கு ஏற்றதல்ல. பி1 ஓரளவு வளையும். செங்குத்தில்லாத பனிப்பாதைகளில் நாள் முழுவதும் நடக்க உகந்தது. பி2 ஏறக்குறைய விறைப்பானது. பனியாறுகளையும் நடுத்தரச் சரிவுகளையும் கடந்து சிகரம் ஏறுவோருக்கு உரியது. பி3 சிறிதும் வளையாது. செங்குத்தான பனிக்கட்டியில் ஏறுவோருக்கானது. பூட்ஸின் நுனியை ஒரு கையாலும் குதிகாலை மறு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தாலே, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று ஏறத்தாழ ஊகித்துவிடலாம்.

இங்கே புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேலேயே வாங்கிவிடுகிறார்கள் என்பது என் கருத்து. பி3 பூட்ஸ் மிகவும் உறுதியானது என்பது உண்மை. அதை அணிந்துகொண்டு கல்லும் மண்ணுமான அணுகுபாதையில் ஆறு மணி நேரம் நடப்பது தண்டனை என்பதும் உண்மை. பனிப்பாதை நடைதான் திட்டம் என்றால் பி1 போதும். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சிகரம் ஏறும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் பி2-ஐப் பாருங்கள்.

சோலின் அடிப்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் மலையேற்றக் காலணிகளின் அடியில் இரும்பு ஆணிகளை அடித்திருந்தார்கள். அவை பாறையில் பிடிப்பைத் தந்தாலும் பாதத்தின் வெப்பத்தை வெளியே கடத்திவிடும். 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸில் தம் தோழர்கள் ஆறு பேர் இறந்தபின், அதற்குத் தகுதியற்ற காலணியும் ஒரு காரணம் எனக் கருதிய விட்டாலே பிரமானி, ஆழமான வரிப்பள்ளங்கள் கொண்ட ரப்பர் சோலை 1937-இல் உருவாக்கினார். இன்றைய பனிமலை பூட்ஸ் பலவற்றின் அடியில் காணப்படும் மஞ்சள் நிற விப்ரம் முத்திரை அந்த வழியில் வந்ததே. எந்த ரப்பராக இருந்தாலும் வெறும் பனிக்கட்டியில் வழுக்கும் என்பதால்தான் அடுத்த படி தேவைப்படுகிறது.

படி 3: கிராம்பானுடன் பொருத்திப் பாருங்கள்

கிராம்பான் என்பது பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முனைகள் கொண்ட உலோகச் சட்டம். இதிலும் மூன்று வகைகள் உண்டு. சி1 வகை முன்னும் பின்னும் பட்டைகளால் கட்டப்படுவது. எனவே பூட்ஸில் தனிப் பள்ளம் எதுவும் தேவையில்லை. சி2 வகை முன்புறம் பிளாஸ்டிக் கூடையாலும் பின்புறம் நெம்பு பூட்டாலும் பிடிக்கும். ஆகவே குதிகாலின் மேல்விளிம்பில் ஒரு பள்ளம் வேண்டும். சி3 வகைக்கு முன்புறம் கம்பி வளையம் என்பதால், நுனியிலும் குதிகாலிலும் பள்ளங்கள் வேண்டும். பி1 பூட்ஸுக்கு சி1 மட்டும், பி2-க்கு சி1-உம் சி2-உம், பி3-க்கு மூன்றும் பொருந்தும். வளையும் பூட்ஸில் விறைப்பான கிராம்பானை மாட்டினால், நடக்கும்போது அது கழன்றுவிடலாம் அல்லது அதன் நடுச்சட்டம் முறிந்துவிடலாம். இரண்டுமே சரிவின் நடுவில்தான் நடக்கும்.

எழுத்தும் எண்ணும் ஒத்துப்போனால் போதாது. நுனியின் வளைவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், இரண்டையும் கடையிலேயே மாட்டிப் பார்ப்பது அவசியம். சி2 வகையென்றால் குதிகால் நெம்பை மேலே தள்ளும்போது உள்ளங்கையால் நன்றாக அழுத்த வேண்டியிருக்க வேண்டும். அது 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். விரல் நுனியாலேயே மூடிவிட்டால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். நீளத்தைச் சரிசெய்யும் துளையில் ஒன்றைக் குறையுங்கள். பிறகு பட்டையைக் கட்டாமல் பூட்ஸைத் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள். கிராம்பான் ஆடாமல் ஒட்டியிருக்க வேண்டும். சோலுக்கும் சட்டத்துக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது.

படி 4: எத்தனை அடுக்கு என்று முடிவு செய்யுங்கள்

இப்போதுதான் கதகதப்பு. ஒற்றை பூட்ஸில் காப்பு அடுக்கு உள்ளேயே தைக்கப்பட்டிருக்கும். இரட்டை பூட்ஸில் உள்ளுறையைத் தனியே கழற்றி எடுக்கலாம். மூன்றாவது வகை, இரட்டை பூட்ஸுக்கு மேல் முழங்கால்வரை ஏறும் கெய்ட்டரும் (பனி உள்ளே புகாமல் காலைச் சுற்றி மூடும் உறை) சேர்த்துத் தைக்கப்பட்டது. 8,000 மீட்டர் சிகரங்களுக்கும் கடுங்குளிர்ப் பயணங்களுக்கும் உரிய அதைப் பற்றிப் புதியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடையே முடிவு செய்வதில் வெப்பநிலையைவிட ஈரமே முக்கியம். நாள் முழுவதும் நடந்த பாதத்தின் வியர்வை காப்பு அடுக்கில் ஊறியிருக்கும். இரவு அறைக்குத் திரும்புபவரின் ஒற்றை பூட்ஸ் காலைக்குள் பெருமளவு காய்ந்துவிடும். மைனஸ் 15 டிகிரியில் கூடாரத்தில் தங்குபவரின் ஒற்றை பூட்ஸில் அதே ஈரம் பனிக்கட்டியாக உறைந்துவிடும். இரட்டை பூட்ஸ் வைத்திருப்பவர் உள்ளுறையைக் கழற்றித் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு உறங்கலாம். 1953 மே 29 அதிகாலை, எவரெஸ்ட்டின் கடைசி முகாமில் எட்மண்ட் ஹிலாரி கண்விழித்தபோது, அவர் கழற்றி வைத்திருந்த பூட்ஸ் கல்லாக உறைந்திருந்தது. அதை அடுப்பில் காட்டி இளக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. பூட்ஸைக் கழற்றாமலே உறங்கிய டென்சிங்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஒரே நாளில் ஏறி இறங்குவதற்கு ஒற்றை பூட்ஸையும், உறைகுளிரில் அடுத்தடுத்த இரவுகள் தங்குவதற்கு இரட்டை பூட்ஸையும் தேர்ந்தெடுங்கள்.

விவரச்சீட்டில் '200 கிராம்', '400 கிராம்' என்று காணப்படுவது பூட்ஸின் எடை அன்று; காப்புத் துணியின் ஒரு சதுர மீட்டர் எடை. ஒரே வகைத் துணியில் எண் கூடினால் கதகதப்பும் கூடும். 'மைனஸ் 30 வரை தாங்கும்' என்பது போன்ற குறிப்புகளை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். அவை அந்தந்த நிறுவனத்தின் மதிப்பீடுகள். வேகமாக நடப்பவருக்கும், கயிற்றைப் பிடித்தபடி அரைமணி நேரம் அசையாமல் நிற்பவருக்கும் ஒரே எண் பொருந்தாது. எடையையும் மறக்கக்கூடாது. காலில் கூடும் ஒரு கிலோ, முதுகில் கூடும் சுமார் ஐந்து கிலோவுக்குச் சமமாகக் களைப்பூட்டும் என்று மலையேறுவோர் கணக்குச் சொல்வதுண்டு.

படி 5: அளவு பாருங்கள்

இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். மாலையில் செல்லுங்கள், நடந்து களைத்த பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். மலையில் அணியப்போகும் அதே காலுறையை எடுத்துச் செல்லுங்கள். இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது என்பதால் பெரிய பாதத்துக்கே அளவு பாருங்கள்.

முதலில் பூட்ஸின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் பக்கவாட்டில் அதைத் தாண்டி வழிந்தால் அந்த வார்ப்பு, அதாவது பூட்ஸின் உள்வடிவம், உங்களுக்கு உரியதல்ல. அதையே ஓர் அளவு பெரிதாக வாங்குவது தீர்வாகாது, வேறு நிறுவனத்தின் பூட்ஸைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து, லேஸைக் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளி, விரல் நுனிகள் முன்சுவரைத் தொட்ட நிலையில், குதிகாலுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பாருங்கள். ஒரு விரல் சற்றே தாராளமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் சிறியது. இரண்டு விரல்கள் நுழைந்தால் பெரியது.

பிறகு குதிகாலைப் பின்னே தட்டி அமர்த்தி, லேஸை முழுவதும் கட்டிக்கொண்டு, கடையின் சாய்பலகையில் ஏறி இறங்குங்கள். சாய்பலகை இல்லாவிட்டால் மாடிப்படி போதும். இறங்கும்போது விரல்கள் முன்னே இடிக்கக்கூடாது. இடித்தால், நீண்ட இறக்கத்தில் நகம் கறுத்துப்போகும். ஏறும்போது குதிகால் சில மில்லிமீட்டர் எழுவது இயல்பு. அதற்கு மேல் எழுந்து உரசினால் கொப்புளம் உறுதி. கடைசியாக, அசையாமல் இருபது நிமிடங்கள் உட்கார்ந்திருங்கள். விரல்கள் ஐந்தையும் தாராளமாக மடக்கி விரிக்க முடிய வேண்டும். எங்காவது மரத்துப்போவது போலவோ, ஊசி குத்துவது போலவோ தோன்றினால் அந்த பூட்ஸை வைத்துவிடுங்கள். பழகப் பழக விரிந்துவிடும் என்று விற்பவர் சொல்லலாம். தோல் பூட்ஸ் ஓரளவு விரியும், செயற்கை இழை பூட்ஸ் ஏறக்குறைய விரியவே விரியாது.

படி 6: காலுறையையும் லேஸையும் சரிசெய்யுங்கள்

தடித்த கம்பளிக் காலுறை ஒன்று, வேண்டுமானால் அதன் உள்ளே மெல்லியது ஒன்று, அவ்வளவுதான். குளிருக்கு அஞ்சி இன்னொரு தடித்த காலுறையை மாட்டினால், காப்பு அடுக்கு நசுங்கி, இரத்த ஓட்டமும் குறைந்து, நினைத்ததற்கு நேர்மாறாகவே முடியும். லேஸைப் பாதத்தின் மேல் தளர்வாகவும், கணுக்காலில் இறுக்கமாகவும் கட்டுங்கள். நடக்கும்போது வலித்துக்கொண்டிருந்த விரலில் திடீரென வலி மறைந்து உணர்வே இல்லாமல் போனால் நிம்மதி அடைய வேண்டாம். அது பனிக்கடியின் (கடுங்குளிரில் தோலும் தசையும் உறைந்து சேதமடைவதன்) தொடக்கமாக இருக்கலாம் என்பதால், நின்று லேஸைத் தளர்த்தி விரல்களைச் சூடாக்குங்கள்.

படி 7: புதியதா, வாடகையா, பழையதா?

ஒரே ஒரு பயணத்துக்கு இரட்டை பூட்ஸ் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை. படி 5-இன் சோதனைகள் எல்லாம் வாடகை பூட்ஸுக்கும் பொருந்தும். புதியதை வாங்கினால் சில நாள் வீட்டுக்குள் மட்டும் அணிந்து பாருங்கள். சோலில் அழுக்குப் படாதவரை பல கடைகளில் மாற்றித் தருவார்கள். பழையதை வாங்குபவர் மேல்தோலின் பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பாலியூரித்தேன் நடுச்சோல் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, பயன்படுத்தாமல் அலமாரியிலேயே இருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள் சிதையும். அப்படிப்பட்ட பூட்ஸின் அடிச்சோல் மலைநடுவே மொத்தமாகப் பெயர்ந்து வந்துவிடும். நடுச்சோலைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ, துகள் உதிர்ந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.