வெள்ளம் தாங்கும் நெல்லா? நாற்றின் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்க்கும் முறை

டெல்டாவில் சம்பாவுக்கு விடும், வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சிஆர் 1009 சப்1 விதையில் கலப்பு உண்டா என்று பார்க்க நாற்றின் இளம் இலையே போதும். முற்றிய இலை வேண்டாம். அதிலுள்ள பாலிசாக்கரைடு டிஎன்ஏவைப் பிசினாக்கிவிடும்.

100 மில்லிகிராம் இலையைத் திரவ நைட்ரஜனில் பொடித்து, 2% சிடிஏபி (செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளியே விடும் சோப்பு போன்ற பொருள்) கரைசல் 700 மைக்ரோலிட்டர் சேர்த்து, 65 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வையுங்கள். அதே அளவு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) ஊற்றி மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வேகமாகக் குலுக்கினால் இழை அறுந்துபோகும். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றியதும் டிஎன்ஏ உள்ள மேலடுக்கை மட்டும் எடுங்கள். நடுவிலுள்ள வெள்ளைப் படலம் புரதம், ஆசைப்பட்டு அதைத் தொட்டால் பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் சோதனை) கெடும். ஐசோபுரோப்பனாலில் படியவைத்து, 70% எத்தனாலில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள்; எத்தனால் மிஞ்சினால் டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லின் குழியில் மாதிரி தங்காது.

வெள்ளம் தாங்கும் தன்மையைத் தரும் சப்1ஏ மரபணு 9ஆம் குரோமோசோமில் உள்ளது. தாய், தந்தை வழி வந்த இரு பிரதிகளையும் பிரித்துக் காட்டும் மார்க்கரையே (மரபணுவை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறி) தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சப்1ஏ ஒரு பிரதியில் மட்டுமே உள்ள கலப்பு நாற்றும் தேறிவிடும்.