டோர் பேடுக்குப் புது ரெக்சின்: வெயில் ஊரில் பிய்யாமல் ஒட்டும் முறை

காரின் உள்பக்கத்தைப் புதுசாக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சீட்டில்தான் முதலில் கை வைக்கிறார்கள். சொந்தக் கையால் செய்வதானால் அங்கே தொடங்க வேண்டாம். சீட் என்பது தையல் வேலை, அதைக் குஷன் கடைக்காரரிடம் விடுவதே நல்லது. டோர் பேட், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் பலகை, ஒட்டு வேலை. கழற்றித் தரையில் போட்டு நிதானமாகச் செய்யலாம். கெட்டுப்போனாலும் பழைய பார்ட்ஸ் விற்கும் கடையில் அதே மாடலுக்கு இன்னொரு பேட் கிடைத்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த வேலை தோற்பது துணியால் அல்ல, பசையால். ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாடி ஏற்றிய காரை வெட்டவெளியில் நிறுத்தினால் டேஷ்போர்டின் மேல்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெயில் விழும் கதவும் நன்றாகச் சூடேறும். வீட்டில் கிடக்கும் வெள்ளைப் பசை, ஹாட் குளூ கன்னில் வரும் குச்சிப் பசை இரண்டும் அந்தச் சூட்டில் இளகிவிடும். காலையில் கச்சிதமாக இருந்த ஓரம் சாயங்காலம் உதடு மாதிரி விரிந்து நிற்பது இதனால்தான். ஆகவே ரெக்சின் நிறத்தைத் தேடுவதற்கு முன் பசையை முடிவு செய்யுங்கள்.

வேண்டியது சிந்தெடிக் ரப்பர் பசை. பெவிகால் எஸ்.ஆர். 998 இந்த வகைதான், ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். வெப்பம் தாங்கும் ரகம் என்று தனியாக விற்பதும் உண்டு. கிடைத்தால் அதையே வாங்குங்கள். நாலு கதவின் நடுப்பகுதிக்கு (பேடில் துணி ஒட்டியிருக்கும் இடம்) ஒரு லிட்டர் டின் போதும், மீதமும் இருக்கும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ரெக்சின் ரோல் பொதுவாக 54 அங்குல அகலம், அதாவது சுமார் 137 செ.மீ. சின்ன காரில் ஒரு கதவின் நடுப்பகுதி ஏறக்குறைய 60 x 35 செ.மீ. இருக்கும். மடக்குவதற்கான ஓரத்தையும் சேர்த்தால் 65 x 40. அகலவாக்கில் இரண்டு துண்டு, நீளவாக்கில் இரண்டு வரிசை என்று போட்டால் ஒரு மீட்டருக்குள் அடங்கும். ஆனாலும் ஒன்றரை மீட்டர் வாங்குங்கள்: ஒரு துண்டு கெட்டால் மறுபடி அதே ரோல், அதே நிறம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் மெல்லிய பின்னல் துணி ஒட்டியிருக்கும், எல்லாப் பக்கமும் இழுபடும் ரகம்தான் கதவின் வளைவுக்குப் படியும். சோபாவுக்கு விற்கும் விறைத்த ரெக்சின் விலை குறைவு, ஆனால் குழியில் உட்காராது. உள்ளூர்க் குஷன் கடைகளில் நீங்கள் நினைக்கிற ரகம் இல்லையென்றால் ஓசூரில் பார்க்கலாம்; அங்கேயும் இல்லையென்றால் கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோடு இருக்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷோரூம் கார்களைப் பார்த்து ஐவரி நிறம் எடுப்பவர்கள் நம் செம்மண்ணை மறந்துவிடுகிறார்கள். முழங்கை படும் இடம் ஒரே மாதத்தில் பழுப்பேறும். முழுக்கறுப்பு வெயிலில் சுடும். மணல் நிறமோ நடுத்தரச் சாம்பலோ இந்த ஊருக்கு ஏற்றது. பளபளக்கும் ரகம் வேண்டாம், மேட் போதும்.

இவை தவிர: பிளாஸ்டிக் நெம்புகோல் செட், இரண்டாம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10 எம்எம் ஸ்பேனர், ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி), ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர், இரண்டு அங்குல பிரஷ் இரண்டு, 120, 220 நம்பர் உப்புத்தாள், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்), கதவுக்கு நாலைந்து வீதம் புது கிளிப். பழைய கிளிப் வெயிலில் காய்ந்து கழற்றும்போதே உடையும். ஒன்றை முதலில் கழற்றிக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். தலை ஒரே மாதிரி இருந்தாலும் தண்டின் பருமன் அரை மில்லிமீட்டர் மாறினால் போதும், கதவு கடகடக்கும்.

கழற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும். எதிர்ப்பக்கக் கதவு அப்படியே இருந்தால் சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்க்ரூ ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலான கார்களில் ஒன்றுதான்: உள் கைப்பிடிக்குப் பின்னால் சின்ன மூடிக்குள், கதவை இழுக்கும் குழிக்குள், பேடின் கீழ் ஓரத்தில். சைடு மிரருக்கு உள்பக்கம் இருக்கும் முக்கோண மூடியையும் எடுக்க வேண்டியிருக்கும். கையால் சுற்றும் கண்ணாடி என்றால் அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் குதிரை லாடம் போல ஒரு கம்பிக் கிளிப் உண்டு. ஒரு பழைய துணியைக் கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவே விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் துள்ளி வெளியே வரும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரூ எல்லாம் வந்தபின் கீழ் மூலையில் நெம்புகோலை விட்டு, கிளிப்புக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நெம்புங்கள். கிளிப்பை விட்டுத் தள்ளி நெம்பினால் பேட்தான் பிளக்கும். மூன்று பக்கமும் விட்டுவந்ததும் பேடை மேல்நோக்கித் தூக்க வேண்டும்; மேல் விளிம்பு கண்ணாடியோரம் கொக்கி மாதிரி மாட்டியிருக்கும். உடனே உருவிவிடாதீர்கள். பவர் விண்டோ ஒயரும் கைப்பிடிக் கேபிளும் இன்னும் உள்ளே தொடுப்பில் இருக்கும்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பிசினில் ஒட்டியிருக்கும். பலர் அதைக் குப்பை என்று கிழித்து எறிகிறார்கள். மழைநீர் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்குவது சகஜம். கீழே உள்ள துளைகள் வழியாக வெளியேறிவிடும். அந்தத் தண்ணீர் பேடின் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். அது போனால் அடுத்த மழையில் புது ரெக்சின் அடியிலிருந்து உப்பும், கார்ப்பெட் நாறும். கிழிந்திருந்தால் பியூட்டைல் டேப்பால் ஒட்டுங்கள், செல்லோ டேப் நிற்காது. கதவின் அடித்துளைகளையும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருக்கும் பக்கம் ஓடும் வண்டிகளில் தூசி சேறாகி அவற்றை அடைத்திருக்கும்.

பழைய துணியை எடுப்பது

நடுப்பகுதி பேடோடு பிளாஸ்டிக் குமிழ்களால் உருக்கிப் பிடித்திருக்கும். குமிழின் தலையை மட்டும் உளியால் சீவுங்கள். 3 எம்எம் தண்டாவது மிச்சம் இருக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது அந்தத் தண்டில் மெல்லிய துளை போட்டு, வாஷரோடு சின்ன ஸ்க்ரூ போடலாம், அல்லது அரால்டைட் (இரண்டு டியூபைக் கலந்து ஒட்டும் பசை) வைக்கலாம். ஸ்க்ரூவின் நீளத்தை அளந்து போடுங்கள், முன்பக்கம் முனை நீட்டிக்கொண்டு வந்தால் எல்லாம் வீண்.

பழைய துணியை உரித்ததும் மஞ்சள் ஸ்பாஞ்ச் பொடிப் பொடியாக உதிரும். இதுதான் சலிப்பான கட்டம், வேலையின் ஆயுளும் இங்கேதான் இருக்கிறது. பொடியின் மேல் பசை தடவினால் ரெக்சின் ஒட்டுவது பொடியோடுதான், பேடோடு அல்ல. நைலான் பிரஷால் தேய்த்து, 120 உப்புத்தாள் போட்டு, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். துணியில் மஞ்சள் வராத வரை துடைக்க வேண்டும். தின்னர் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். உரித்த துணியைத் தூக்கிப் போடாதீர்கள். அதுதான் வெட்டுவதற்கான அச்சு. ரெக்சின் பின்பக்கத்தில் அதை வைத்து, சுற்றிலும் 25 எம்எம் கூட்டிச் சாக்பீசால் கோடு போடுங்கள். நாலு துண்டையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், மாறினால் வெயிலில் இரண்டு கதவு இரண்டு நிறமாகத் தெரியும். இடது, வலது கதவுக்கு அச்சைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.

ஒட்டுவது

காற்றோட்டமான திண்ணையோ, போர்ட்டிகோவோ வேண்டும். பசையில் இருக்கும் கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கும், மூக்கில் ஏறினால் தலை சுற்றும். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் கூடாது. ஹீட் கன்னும் பசை ஈரமாக இருக்கும்வரை அருகில் வரக்கூடாது. நிழல் அவசியம், காற்றில் மண் பறக்கும் நேரம் வேண்டாம். காலை பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. மழை பெய்து ஓய்ந்த ஈரக்காற்றில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேல்பரப்பு குளிரும், காற்றின் ஈரம் அதன்மேல் வெள்ளையாகப் படரும். பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும், பிடிக்காது.

பேடிலும் ரெக்சினின் பின்பக்கத்திலும், இரண்டிலும் மெல்லிசாகத் தடவுங்கள். ரெக்சினின் பின்துணி பசையைக் குடித்துவிடும், அதனால் அதற்கு மட்டும் முதல் கோட் காய்ந்தபின் இன்னொரு கோட். பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். கடிகாரத்தை நம்புவதைவிட விரலை நம்பலாம்: விரலின் பின்புறத்தால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் நூலாக இழுத்துக்கொண்டு வரக்கூடாது. அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் கரைப்பான் உள்ளே மாட்டிக்கொள்ளும். கார் வெயிலில் நின்ற முதல் நாளே கொப்புளம் கிளம்பும். கனமாகத் தடவினாலும் இதே கதைதான்.

இந்தப் பசை தொட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஒருவர் ரெக்சினைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் ஒட்டுவது நல்லது. தட்டையான பேட் என்றால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் அழுத்திக்கொண்டு போகலாம். குழிவான பேட் என்றால் முதலில் குழியின் அடியில் ஒட்டிவிட்டு மேலே ஏற வேண்டும். விளிம்பில் ஆரம்பித்துக் குழிக்குள் இழுத்து ஒட்டினால் ரெக்சின் எப்போதும் நிமிரவே பார்க்கும். ஒரு கோடையில் குழி தூக்கிவிடும். படியாத இடத்தில் ஹீட் கன்னை 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, அசைத்துக்கொண்டே சூடு காட்டுங்கள். ரெக்சின் மேலிருக்கும் தோல்வரி மழுங்க ஆரம்பித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம்.

ஓரம் மடக்கும்போது, வெளிவளைந்த மூலையில் வி வடிவத்தில் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி எடுங்கள்; உள்வளைந்த இடத்தில் வெறும் கீறல் போதும். இரண்டுமே விளிம்புக்கு 3 எம்எம் முன்னால் நின்றுவிட வேண்டும். பின்பக்கம் 15 முதல் 20 எம்எம் மடங்கினால் போதும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அதிகமாக விட்டால் பேட் கதவோடு படியாது.

ஒட்டிய பேடை 24 மணி நேரம் நிழலில் வையுங்கள். மாட்டும்போது கேபிளையும் ஒயரையும் கோத்து, பேட்டரியை இணைத்து, கதவைத் திறந்த நிலையிலேயே கைப்பிடி, லாக், கண்ணாடி மூன்றையும் சோதியுங்கள். கேபிள் கொக்கி விட்டிருக்கும்போது கதவைச் சாத்திவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. பேட்டரி கழற்றிய சில கார்களில் ஒரே தட்டில் ஏறும் கண்ணாடி தானாக ஏறாது. சுவிட்சை மேல்பக்கம் சில நொடி பிடித்தால் பல மாடல்களில் சரியாகிவிடும், இல்லையென்றால் காரின் கையேட்டைப் பாருங்கள். அஞ்செட்டி மாதிரி மலைப்பாதையில் அடிக்கடி ஓடும் வண்டியென்றால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசும் இடங்களில் ஃபெல்ட் டேப் ஒட்டிவிட்டு மூடுங்கள்.

கியர் சுற்றியுள்ள தகடு, சுவிட்ச் பட்டை போன்ற சின்ன பிளாஸ்டிக் பாகங்களுக்கு ரெக்சின் வேண்டாம், வினைல் ஸ்டிக்கர் போதும். காஸ்ட் (cast, வார்த்துச் செய்தது) ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மலிவு ரகம் வெயிலில் சுருங்கி ஓரம் காட்டும். இங்கே எதிரி டேஷ்போர்டு பாலிஷ். அதிலுள்ள சிலிக்கோன் மேல் எதுவும் ஒட்டாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலால் இரண்டு தடவை துடைத்தபின்தான் ஒட்ட வேண்டும்.

தொடவே கூடாத இடங்களும் உண்டு. ஸ்டியரிங்கின் நடுப்பகுதி, பயணி எதிரே ஏர்பேக்கை மூடியிருக்கும் டேஷ்போர்டு, ஏர்பேக் அல்லது எஸ்.ஆர்.எஸ். (ஏர்பேக் அமைப்பின் குறி) என்று அச்சிட்ட தூண்கள், பக்கவாட்டில் அந்த முத்திரை இருக்கும் சீட். ஏர்பேக் வெளிவரும் இடத்தில் பிளாஸ்டிக் கிழிவதற்கென்றே மெல்லிசாகச் செய்யப்பட்டிருக்கும். அதன்மேல் ரெக்சினோ, ஸ்டிக்கரோ ஒட்டினால் பை நேரத்துக்கு விரியாமல் போகலாம், அல்லது திசை மாறி விரியலாம். வேலை நடுவே ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் கனெக்டரோ, மஞ்சள் உறை போட்ட ஒயரோ தெரிந்தால் அதைக் கழற்றவும் வேண்டாம், மீட்டர் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். கூரைத்துணி தொங்கினால் அதுவும் இதே பசையில் மாற்றக்கூடியதுதான், ஆனால் கூரை ஓரத்தில் ஏர்பேக் உள்ள கார் என்றால் அதைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து எங்காவது ஓரம் தூக்கினால் முழுசாக உரிக்க வேண்டியதில்லை. தூக்கிய இடத்தை மெல்ல விரித்து, உள்ளே ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, தீக்குச்சி நுனியால் இரண்டு பக்கமும் பசை தடவி, பத்து நிமிடம் காற்றாட விட்டு அழுத்துங்கள். மரக்கட்டை ஒன்றைத் துணியில் சுற்றி, கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். அதே இடம் மறுபடி தூக்கினால் அங்கே ரெக்சின் இழுத்து ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்து மடிப்பைப் பிரித்து, சூடு காட்டித் தளர்த்தி ஒட்டினால்தான் நிற்கும்.