முதுகில் ஊசிதானே என்று நினைக்க வேண்டாம்

பீடி குடித்துக் குடித்து நுரையீரல் கெட்டுப்போன எழுபது வயதுக்காரர். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை. "முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டுத் தொப்புளுக்குக் கீழே மரக்கச் செய்தே முடித்துவிடலாம்" என்று மயக்க மருத்துவரான நான் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் நிம்மதி. தவறுகள் அந்த நிம்மதியில்தான் தொடங்குகின்றன.

இவரைப் போன்றவர்களுக்குத் தொண்டையில் குழாய் இறக்காமல் முடிவது பெரிய நன்மை. அதற்காக எல்லா வயிற்று ஆபரேஷனுக்கும் இதையே கேட்டு அடம்பிடிக்காதீர்கள். தொப்புளுக்குக் கீழே என்றால் நன்றாகப் பொருந்தும். மேல்வயிறு வரை மரக்கச் செய்தால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தளரும். சளியை இருமித் துப்பத் தெம்பு இருக்காது. ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவருக்கு அது உயிராபத்து. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வீண் செலவு என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது மறைக்கப்படும் மாத்திரைக்குத்தான். "அம்மா சாப்பிடுவது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும்தான் டாக்டர்" என்பார்கள் பிள்ளைகள். அம்மாவின் மஞ்சள் பையைக் கவிழ்த்தால் பாதி தீர்ந்த குளோபிடோக்ரெல் அட்டை விழும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அது. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்து கட்டினால் தண்டுவடம் நசுங்கும், கால் செயலிழக்கும். வழக்கமாக 5 முதல் 7 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம். ஆனால் நீங்களாக நிறுத்துவதும் தவறு: இதய ரத்தக்குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவருக்கு அதுவே மாரடைப்பைக் கொண்டுவரலாம். இதய டாக்டரும் நாங்களும் பேசி முடிவெடுக்க வேண்டும். அட்டைகளை அப்படியே கொண்டுவாருங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை.

"மயக்கம் இல்லையே, இரண்டு இட்லி சாப்பிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். மரப்பு போதாவிட்டால் பாதியில் முழு மயக்கத்துக்கு மாற வேண்டிவரும். அப்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடலாம். அதனால் உணவு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிற்க வேண்டும்.

வார்டுக்கு வந்ததும் கால் கனமாகவே இருக்கும். துணையில்லாமல் எழுந்து கழிவறைக்குப் போகாதீர்கள். சில மணி நேரத்தில் கால் தானாக அசையத் தொடங்கும். டாக்டர் சொன்ன நேரம் கடந்தும் அசையவில்லை, அல்லது திரும்பிய உணர்வு மறுபடி மரத்துப்போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.