குளிர்காலச் சதுப்பில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஏறித் தூண்டில் போடுவது எப்படி?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கடலோரச் சதுப்பில் நீர்மட்டத்தைக் குளிர்காலத்தில் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றுதான். அங்கே கடல் ஓதம் நாளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ ஓரடி உயரத்துக்கே ஏறி இறங்கும். ஆனால் குளிரலை ஒன்று வந்ததும் வீசும் வாடைக் காற்று, அதைவிட அதிகமான நீரைச் சதுப்பிலிருந்து கடலுக்கு ஒதுக்கிவிடும். நேற்று முழங்காலளவு நீர் நின்ற இடத்தில் இன்று சிப்பித் திட்டுகள் தலைகாட்டும்.

ஆகவே முதல் வேலை, நாள் பார்ப்பது. வாடை ஓய்ந்து, தொடர்ந்து வெயிலடிக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் புறப்படுங்கள். விடியலில் போய் நடுங்கத் தேவையில்லை. வெயிலேறி, கரிய சேறு சற்றுச் சூடான பிறகே நாம் தேடும் ரெட்ஃபிஷ் மீன் அசையத் தொடங்கும்.

அடுத்தது உடை. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெளியே வெயில் இதமாக இருந்தாலும் நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கலாம். அதில் கவிழ்ந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாகும், பத்து நிமிடங்களுக்குள் கைகால்கள் சொன்னபடி கேட்காமல் போகும். ட்ரை சூட் எனப்படும் நீர் புகாத முழு அங்கியோ, நியோபிரீன் என்ற ரப்பர் வகை உடையோ அணிந்து, அதன்மேல் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டுங்கள். நனைந்தால் காயாத பருத்தித்துணி உள்ளாடையாகக்கூட வேண்டாம். கவிழ்ந்த கயாக்கில் மறுபடி ஏறும் பயிற்சியைக் கோடையிலேயே, ஆழமற்ற நீரில் முடித்துவிடுங்கள். விறைத்த விரல்களால் முடிச்சுப் போட வராது என்பதால், இரண்டு தூண்டில் கழிகளுக்கு வீட்டிலேயே நரம்பும் முள்ளும் கட்டி எடுத்துச் செல்வது என் வழக்கம்.

இனி இடம். வால் அடியில் கரும்புள்ளி கொண்ட ரெட்ஃபிஷ், நம் கத்தாளையின் குடும்பத்தைச் சேர்ந்த மீன். நீர் குளிர்ந்து வற்றும்போது ஆழமான பள்ளங்களிலும், எண்ணெய் நிறுவனங்கள் தோண்டிவிட்டுப்போன, மறுமுனை அடைபட்ட முட்டுக் கால்வாய்களிலும் ஒதுங்கும். துடுப்பைச் செங்குத்தாக இறக்கி ஆழம் பாருங்கள்: சுற்றிலும் துடுப்பின் தட்டையான அலகு மட்டும் முழுகும் இடத்தில், திடீரெனப் பிடியளவு இறங்கினால் அதுதான் பள்ளம். அதற்கு நேர்மேலே நிற்காமல், சற்றுத் தள்ளிச் சேற்றில் கம்பை ஊன்றிக் கயாக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எட்டில் ஓர் அவுன்ஸ் ஜிக் தலையில் (எடைக்குண்டு பொருத்திய முள்) ரப்பர் இறாலை மாட்டி, தரையைத் தொடவிட்டு, பொறுமை போகுமளவு மெதுவாக இழுங்கள். குளிரில் மீனின் உடலியக்கம் தணிந்திருப்பதால் அது துரத்தி வராது. வெடுக்கென்ற இழுப்பையும் எதிர்பார்க்க வேண்டாம். ஈரத்துணி சிக்கியதுபோல நரம்பு கனத்தால், கழியை நிதானமாக உயர்த்துங்கள்.

உரிமம் கட்டாயம். 18 அங்குலத்துக்குக் குறைந்ததையும் 27 அங்குலத்தைத் தாண்டியதையும் விட்டுவிட வேண்டும். அளப்பதற்குமுன் கையை நனைத்துக்கொண்டால் மீனின் வழவழப்பு உரியாது. இடையிடையே ஊன்றிய கம்பில் ஈரக்கோட்டைக் கவனியுங்கள். அது நீருக்கு மேலே நான்கு விரல் தெரிந்தால் உடனே திரும்புங்கள். தரைதட்டினால் இறங்கித் தள்ளலாம் என்று எண்ணவேண்டாம், அந்தச் சேறு இடுப்புவரை இழுக்கும்.